தேத்தண்ணிக்குக் கொடுத்த விலாசம்

திகன சந்திக்குச் சற்றுத் தள்ளி முனாபின் பெயின்ட் கடை இருந்தது. கடைக்கு மேலே வீடு. அதே கூரையின் கீழ், ஒரு பலகைச் சுவருக்கு அப்பால், நளீரின் தையற்கடை. அதற்கு மேலே நளீரின் வீடு.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு முனாப் கணினியைத் திறந்து, பங்கு வாங்கி விற்பவர்கள் இணையத்தில் கூடிப் பேசும் மன்றம் ஒன்றில் எழுதுவார். மற்றவர்கள் சிங்கம், கழுகு என்று புனைபெயர் வைத்திருக்க, அவர் மட்டும் 'திகன முனாப்' என்று சொந்தப் பெயரிலேயே எழுதினார். விற்பவன் பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்பது அவருக்கு மார்க்கம் கற்றுக் கொடுத்தது. தான் வாங்கிய பங்கின் குறையையும் முதலில் அவரே சொல்லிவிடுவார். அதனால் சிலர் அவரை நம்பினார்கள். சிலர் எரிச்சல்பட்டார்கள்.

'வலஹா77' என்றொருவன் அவரை விடாமல் குதறினான். வலஹா என்றால் சிங்களத்தில் கரடி. முனாப் எதை எழுதினாலும் அடியில் அவன் வந்துவிடுவான். "தம்பியாவுக்குக் கணக்கு நல்லா வரும், நாட்டுப்பற்றுத்தான் வராது" என்பான். தம்பியா என்பது முஸ்லிம்களை இழித்துப் பேசும் சொல். முனாப் ஒவ்வொரு முறையும், "சகோதரரே, உங்களுக்கு நலம் உண்டாகட்டும்" என்று தொடங்கிப் பதில் எழுதுவார்.

2018ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு ஹோட்டல் கம்பனியின் பங்கு சரிந்தது. அதைத் தொட வேண்டாம் என்று முனாப் முன்பே எழுதியிருந்தார். கரடி கையிலிருந்ததை எல்லாம் அதில் போட்டிருந்தான். "நீயும் உன் ஆட்களும் சேர்ந்துதான் விலையை விழுத்தினீங்கள்" என்று எழுதினான். முனாபுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. "ஒரு நாள் கடைக்கு வாருங்கள். தேநீர் குடித்துக்கொண்டே அந்தக் கம்பனியின் அறிக்கையைச் சேர்ந்து வாசிப்போம்" என்று எழுதி, கடை விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கீழே போட்டார்.

மனைவி ஸக்கியா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பைத்தியம் புடிச்சவனுக்கு ஊட்டு விலாசமா குடுக்கிற?"

"கோவக்காரன் பசியில ஈக்கிறவன் மாதிரி, ஸக்கியா. ஒரு கோப்பை பிளேன்டி குடிச்சா அடங்குவான்."

"அப்ப பிளேன்டிய அவன்ட ஊட்டுக்கு அனுப்புங்கொ."

கரடி வரவில்லை. மார்ச் மாதம்தான் வந்தது.

முஸ்லிம் இளைஞர்களுடன் நடந்த ஒரு தகராறில் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். ஊரெல்லாம் பேச்சு மாறியது. ஞாயிறு மாலை கரடி முனாபின் விலாசத்தை எடுத்து மன்றத்தில் மறுபடி போட்டான். "நம்முடைய காசைத் தின்றவன் இங்கேதான் இருக்கிறான்" என்று மேலே எழுதினான். பதினேழு பேர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். அதை நீக்கும்படி முனாப் மன்றத்தை நடத்துபவருக்கு எழுதினார். திங்கள் காலை பதில் வந்தது: "இரு தரப்பாரும் அமைதி காக்கவும். இங்கே அரசியலுக்கு இடமில்லை. இருவரும் ஒரு வாரத்துக்கு விலக்கப்படுகிறீர்கள்." விலாசம் அப்படியே இருந்தது. விலக்கப்பட்டவரால் தான் எழுதியதைக்கூட அழிக்க முடியவில்லை.

பதினொரு மணிக்குக் கடைத் தொலைபேசி அடித்தது.

"முனாப் ஐயாவோ? என்னை உங்களுக்குத் தெரியாது. லீலாதேவி எண்டு பேர். படிப்பிச்சு ஓய்வெடுத்து இப்ப அஸ்கிரியவில இருக்கிறன். நீங்கள் மன்றத்தில எழுதிறதை ஆறு வருசமா வாசிக்கிறன். ஒருநாளும் எழுதினதில்லை."

"சொல்லுங்க டீச்சர்."

"அந்தக் கரடி போட்டதுக்குக் கீழ ஆரோ 'நாளைக்குப் பின்னேரம்' எண்டு நேற்று எழுதியிருக்கினம். வெளிக்கிடுங்கோ."

"எழுதுறவன் எல்லாம் வாரதில்லையே டீச்சர்."

"எழுதினவன் வரமாட்டான். வாசிச்சவன் வருவான். எண்பத்திமூண்டுக் கலவரத்தில எங்கட வீட்டு இலக்கத்தையும் கடதாசியில எழுதித்தான் கொண்டு வந்தவங்கள். யோசியாதேங்கோ. என்ர வீட்டுக்கு வாங்கோ."

ஸக்கியா ஒரு பையில் துணிகளைத் திணித்தாள். முனாப் பலகைச் சுவருக்கு அப்பால் ஓடினார். நளீர் தையல் மெஷினில் குனிந்திருந்தான். மனைவி பரீனாவும் மகளும் கெலிஓயாவில் தாய் வீட்டில் இருந்தார்கள். சித்திரைப் புத்தாண்டுக்காகச் சிங்கள வீடுகளிலிருந்து வந்த துணிகள் கொடியில் வரிசையாகத் தொங்கின.

"நளீர், பிரச்சினை வரும் போல ஈக்கி. எங்களோட வாங்க."

"என்னத்துக்கு நாநா பயப்படுற? இங்க தொங்குறது முழுக்க அவங்கட சட்டை. எரிச்சா அவங்களுக்குத்தானே நட்டம்?" நளீர் சிரித்தான். "நீங்க போங்க. நான் ஷட்டரைப் போட்டுட்டு மேல ஈக்கிறேன்."

அப்போது முனாப் சொல்லியிருக்க வேண்டும். என் விலாசத்தை நானே எழுதிக் கொடுத்தேன், அவர்கள் தேடி வருவது இந்தக் கூரையைத்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தது. வாழ்நாள் முழுவதும் எந்தப் பொருளின் குறையையும் மறைக்காதவர், அன்று அந்த ஒன்றை மட்டும் மறைத்தார். "சரி, கவனம்" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார்.

பின்னேரம் அவர்கள் வந்தார்கள். பெயின்டும் தின்னரும் பற்றிக்கொண்டன. பலகைச் சுவர் எவ்வளவு நேரம் தாங்கும்? நளீரின் உடலில் காயமில்லை. புகைதான்.

அஸ்கிரியவில் ஊரடங்குக்குள் கழிந்த நாட்களில், லீலாதேவி டீச்சர் அலுமாரியிலிருந்து புதுச் சட்டியொன்றை எடுத்து ஸக்கியாவிடம் கொடுத்தார். "இதில இன்னும் ஒண்டும் சமைக்கேல்லை. உங்கட முறைப்படி சமையுங்கோ." ஸக்கியா அந்தச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

கலவரம் பரவாமலிருக்க அரசாங்கம் முகநூலை நிறுத்தியது. பங்குக்காரரின் மன்றத்தை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒரு வாரம் முடிந்ததும் கரடி முதல் ஆளாக வந்தான்: "கடை மூடியா? தேத்தண்ணி ஆறிப்போச்சே."

முனாப் இம்முறை நலம் வேண்டவில்லை. "நளீர் என்ற தையற்காரர் இறந்துவிட்டார். அவரிடம் ஒரு பங்குகூட இருந்ததில்லை" என்று மட்டும் எழுதினார். மதியத்துக்குள் மன்றத்தை நடத்துபவர் அதை நீக்கிவிட்டார். பங்குகளுக்குச் சம்பந்தமில்லாத விடயமாம்.

வெறுமையான திரையைப் பார்த்தபடி முனாப் இருந்தார். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொல்லப் போனேனே, சொல்ல வேண்டிய ஒருத்திக்கு இன்னும் சொல்லவில்லையே என்று நெஞ்சு குத்தியது.

மறுநாள் கெலிஓயாவுக்குப் போனார். பரீனா இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்களின் முன் வரமாட்டாள். அவளுடைய தம்பி முஹம்மது அறைத் திரைக்கு வெளியே ஒரு கதிரையைப் போட்டான்.

முனாப் எல்லாவற்றையும் சொன்னார். கரடி, ஹோட்டல் கம்பனி, தேநீர், விலாசம், காலையில் வந்த தொலைபேசி.

"அவருக்கு இது தெரியுமா?" என்றது உள்ளிருந்து குரல்.

"இல்ல தங்கச்சி. வாங்கண்டு மட்டும்தான் கூப்பிட்டேன். ஏனெண்டு சொல்லல்ல."

"சொல்லியிருந்தா வந்தீப்பாரா?"

"தெரியல்ல."

"வந்தீப்பார்," என்றாள் பரீனா. "அவர் பெரிய பயந்தாங்கொள்ளி. பூனை குதிச்சாலும் எழும்பி லைட்டைப் போடுவார்."

உள்ளே அவள் விசும்புவதும், மகள் ஏதோ கேட்பதும், அவள் குழந்தையை அதட்டி அனுப்புவதும் கேட்டன. பிறகு கோப்பை ஒன்று தட்டில் உரசும் சத்தம். முஹம்மது ஒரு பிளேன்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

அவர் அதைத் தொடவில்லை.

"குடிங்க நாநா," என்றது குரல். அழுகையில் கரகரத்திருந்தது. "நீங்க அவனைக் கூப்பிட்டது இதுக்குத்தானே. குடிச்சிட்டுப் போங்க. கொஞ்ச காலம் இங்க வர வேணாம்."

முனாப் கோப்பையை இரண்டு கைகளாலும் எடுத்தார். பிஸ்மில்லாஹ் சொன்னார். தேநீர் நல்ல சூடு. சீனியும் அளவாகப் போட்டிருந்தாள். கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, கோப்பையைத் திரையின் அருகே தரையில் வைத்துவிட்டு, வெயிலில் இறங்கி நடந்தார்.