தாய்மாமன் மடி

என் மகனுக்குக் காது குத்த நாள் குறித்தாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன், சங்கரபாண்டி. கல்லூரியில் படிக்கும்போதே அவனுக்கு மனச்சிதைவு நோய் வந்துவிட்டது. மாத்திரையின் தயவில் இப்போது சாதுவாக இருக்கிறான்.

"ஏட்டி செல்வி, பிள்ளைய அவன் மடில வைக்க வேண்டாம். ஒன் சித்தப்பா மவன் மணிமுத்து இருக்காம்லா, அவன் உக்காரட்டும்" என்றார் மாமியார். என் கணவர் போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். இந்த மாதிரி நேரம் பார்த்துத்தான் அவருக்கு ஆபீஸ் மெசேஜ் வரும்.

அந்த நோய்க்கும் பரம்பரைக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்கிறவர்கள் அந்த வாரம் தென்காசியில் முகாம் போட்டிருந்தார்கள். நோயாளியோடு கூடப்பிறந்தவர்களும் ரத்தம் கொடுக்க வேண்டும். அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் ரத்தத்தில் கோளாறு இல்லை என்று எழுதி வாங்கி மாமியார் முன்னால் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

"தனித்தனியா ரிசல்ட் தர மாட்டோம்மா" என்றார் முகாம் டாக்டர் கிறிஸ்டி, அண்ணன் ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே போனதும். "ஆயிரக்கணக்கான பேரோடத சேத்து வச்சுத்தான் பாக்கோம். ஒரு ஜீன் இல்ல, எத்தனையோ இருக்கு. அண்ணன்கிட்ட இருக்கது ஒங்ககிட்டயும் கொஞ்சம் இருக்கலாம்."

"அப்போ என் பிள்ளைக்கு?"

"அவனுக்கும் போயிருக்கலாம். அதுக்காக நோய் வந்திரும்னு இல்ல. பெரும்பாலும் வராது. பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை. எனக்கு எதுவுமே தோன்றவில்லை. மடியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்று மாமியார் நினைத்தது, என் வயிற்றிலேயே பிள்ளையிடம் போயிருக்கலாம். அதைச் சொன்னால், மடியில் வைப்பதால் புதிதாக எதுவும் வராது என்றாகி அண்ணன் மடியிலேயே காது குத்திவிடலாம். ஆனால் அப்புறம் என் மகன் தனியாகச் சிரித்தால்கூட அந்த வீட்டில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

காது குத்தும் நாளன்று காலை குற்றாலத்தில் நல்ல சாரல். எல்லாருக்கும் முன்னால் வந்து, கோயில் மண்டபத்தில் சம்மணம் கூட்டி உட்கார்ந்திருந்தான் அண்ணன். புதுத் துண்டை மடியில் விரித்து, சுருக்கத்தை நீவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மணிமுத்து உக்காரட்டும்."

நிமிர்ந்து பார்த்தான். "ரத்தம் குடுத்தோம்லா, சரியில்லன்னு சொல்லிட்டாவளா?"

"ஆமாண்ணே." மரத்துப்போன வாயிலிருந்து அந்தப் பொய் சுலபமாக வந்தது.

"ஒனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லயாம்."

அவன் முகம் தெளிந்தது. எழுந்து துண்டை உதறி மணிமுத்துவிடம் நீட்டினான்.

"இத விரிச்சிக்கலே. பிள்ளைக்கு உறுத்தாது."