பதினைந்தாவது ஆள்

1.

இந்தக் கதை ஓர் உறையின் பசையிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு 'ஏமாற்றிவிட்டான் கிழவன்' என்று யாரும் என்னிடம் வரக்கூடாது.

கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக யார் நிற்கவேண்டும் என்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்காரர்களான நாங்கள் இப்போதெல்லாம் ஓர் அட்டையில் குறித்துத் தபாலில் அனுப்புகிறோம். போன செவ்வாய்க்கிழமை அடுப்படி மேசையில் உட்கார்ந்து ஒரு பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பினேன். அட்டையை உறைக்குள் போட்டு நாக்கால் நனைத்து ஒட்டினேன். பசை நாக்கில் பட்டதும் அழுகை வந்துவிட்டது. சாதாரண அழுகை இல்லை. அடுப்படியில் கணுக்கால் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பூனை மேசைமேல் ஏறிக்கொண்டது.

(பூனை ஏறியது உண்மை. அது எப்போதும் ஏறும்.)

என் பெயர் வெர்லின் ஹாக்லண்ட். வயது எழுபத்தாறு. டோர்விக் என்ற சிற்றூரில் நாற்பத்தோரு வருஷம் மாட்டு ஏலம் விட்டவன். பல் போன பசுவை மகாராணி என்று சொல்லி விற்ற வாய் இது. ஆகவே இந்தக் கதையில் வரும் எண்களை எல்லாம் பாதியாக வெட்டி வாசியுங்கள். ஓர் எண்ணை மட்டும் வெட்டவேண்டாம். அது பதினான்கு.

2.

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அன்று ஆளுயரப் பனி. பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து அரங்கில் நாலாயிரம் பேர் கூடி—'

டோர்விக்கில் இருப்பதே அறுநூறு பேர். அடித்துவிட்டேன்.

'அரசியல் என்பது காலால் செய்யும் காரியம் என்று அறிஞர்கள்—'

எந்த அறிஞரும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: அந்தக் காலத்தில் நாங்கள் நடந்து ஓட்டுப் போட்டோம்.

அதுதான் காக்கஸ். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் கட்சிக்காரர்கள் எல்லாரும் பள்ளி அரங்கில் கூடுவோம். வேட்பாளருக்கு ஒரு மூலை. யாரைப் பிடிக்கிறதோ அவர் மூலையில் போய் நிற்கவேண்டும், ஊர் முழுக்கப் பார்க்க, பல் மருத்துவர் பார்க்க, முன்னாள் மனைவி பார்க்க. நூற்றுக்குப் பதினைந்து பேராவது தேறாத மூலை கலைந்துவிடும். கலைவதற்கு முன் அரைமணி நேரம் அவகாசம். அந்த அரைமணியில் கெஞ்சலாம், மிரட்டலாம், இனிப்புக் கொடுக்கலாம். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு யார் வேண்டுமானாலும் நடக்கலாம்.

எங்கள் ஊரின் இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். இங்கே மன்னிப்புக் கேட்க யாரும் வாய் திறக்கமாட்டார்கள். வேலித் தகராறில் ஏழு வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி உண்டு; ஒரு காக்கஸில் தம்பி தன் மூலையை விட்டு அண்ணன் மூலைக்கு நடந்துபோய் நின்றான். 'குளிருது இல்ல?' என்றான் அண்ணன். அவ்வளவுதான். மறுநாள் வேலியைச் சேர்ந்து கட்டினார்கள்.

தபால் உறைக்கு மூலை ஏது? அதற்குத்தான் அழுதேன்.

3.

இனி ஆர்டிஸ். இங்கேதான் பேனா தடுமாறுகிறது.

ஆர்டிஸ் ப்ராட்லண்ட், பள்ளிக்கூட நூலகர். நாலு வரைவில் அவளை எழுதினேன். முதல் வரைவில் அவள் ஆறடி உயரம், வெண்ணிறத் தீப்பிழம்பு போன்ற கூந்தல். நிஜ ஆர்டிஸ் என் தோளுக்கு வருவாள். தலைமுடியைக் காகிதம் வெட்டும் கத்திரியால் தானே வெட்டிக்கொள்வாள். இரண்டாம் வரைவில் அவள் சாந்தமானவளாகிவிட்டாள். அதைக் கிழித்து எறிந்தேன்.

என் மனைவி காலமாகி, ஆர்டிஸின் கணவரும் காலமான பிறகு, வெள்ளிக்கிழமை தோறும் படைவீரர் மன்றத்தில் மீன் வறுவலுக்கு ஒரே மேசையில் உட்காருவோம். அதற்கு என்ன பெயர் என்று ஊர் கேட்டது. நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

"வெர்லின், போன வாரம் நீ பிடிச்ச மீன் நாலு அடி."

"ஆமா."

"இந்த வாரம் ஆறு அடிங்கிற. செத்ததுக்கு அப்புறமுமா அது வளருது?"

"நல்ல மீனு ஆர்டிஸ். அப்படித்தான்."

"சரி, மூணடின்னு குறிச்சுக்கிறேன். உப்பை இப்படித் தள்ளு."

திருத்த ஆளில்லாத பொய்யில் உப்பே இருக்காது என்று எனக்கு அப்போது தெரியாது.

4.

[இந்தப் பகுதியை நீக்கிவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். நீக்கினால் நான் நல்லவனாகத் தெரிவேன். அதனால் இருக்கட்டும்.]

எட்டு வருஷத்துக்கு முந்தைய ஓர் இலையுதிர் காலத்தில் பள்ளி வாரியத்துக்கு ஒரு புகார் வந்தது. நூலகத்தில் இருக்கும் ஒரு நாவலைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் எடுக்கவேண்டும் என்று. இன்றைக்கு நாடு முழுக்க இதே சண்டைதான்; எங்களுக்கு அது கொஞ்சம் முன்னாடியே வந்து சேர்ந்தது. வாரியத்தில் ஐந்து பேர். நானும் ஒருவன். ஆர்டிஸ் புத்தகத்தைக் கையில் பிடித்தபடி எங்கள் முன் நின்றாள்.

"உங்கள்ல யாராவது இதைப் படிச்சீங்களா?"

ஐந்து பேரும் விட்டத்தைப் பார்த்தோம்.

எடுத்துவிடலாம் என்று ரெண்டு பேர் கை தூக்கினார்கள். மூன்றாவது தேவைப்பட்டது. கொட்டகையின் கடைசி வரிசையில் ஒருவன் புருவத்தை அசைத்தாலும் கண்டுபிடித்துவிடும் ஏலக்காரன் நான். என் கை மேலே போனதை நானே கடைசியாகத்தான் பார்த்தேன். காரணம்? சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றுதான். கொள்கை கிள்கை எதுவும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆர்டிஸ் மன்றத்தில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்தாள். தனியாக.

5.

பிப்ரவரி வந்தது. அரங்கில் தொண்ணூற்று நான்கு பேர். கூட்டத் தலைவர் நான். ஒலிபெருக்கி இல்லாமலே பக்கத்து மாவட்டத்துக்குக் கேட்கும் தொண்டை என்பதால் என்னைப் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கியும் கொடுத்திருந்தார்கள்.

கவர்னர் அஷ்லாக்குக்கு நாற்பத்தெட்டு பேர், என்னையும் சேர்த்து. செனட்டர் ப்ரூவெலுக்கு முப்பத்திரண்டு. பிரதிநிதி சபை உறுப்பினர் டெலா டிரிஸ்கலுக்குப் பதினான்கு. டிரிஸ்கல் எங்கள் ஊருக்கு இரண்டு முறை வந்தவர். இரண்டு முறையும் நூலகத்துக்குப் போனவர். ஆர்டிஸ் அந்த மூலையில் நின்றாள். மூலை பிழைக்கப் பதினைந்து பேர் வேண்டும்.

"முப்பது நிமிஷம்!" என்று அறிவித்தேன்.

டிரிஸ்கல் மூலையில் எலுமிச்சை இனிப்புத் துண்டுகளை மடக்கு மேசையில் பரப்பினார்கள். என் பக்கத்தில் நின்ற பன்றிப் பண்ணைக்காரன் பர்டெட் உதட்டை நக்கினான்.

(*பர்டெட் என்று ஒருவன் இல்லை. இரண்டு பேரை ஒட்டித் தைத்தது. இருவரும் என்மேல் கோபப்பட முடியாது. ஒருவர் இறந்துவிட்டார், மற்றவர் புத்தகம் படிப்பதில்லை.)

"ஒரு துண்டு குடுத்தா யோசிப்பேன்," என்று கத்தினான் பர்டெட். "ரெண்டு குடுத்தா மாமியாரையும் கூட்டிட்டு வந்துடுவேன்!"

"உன் மாமியார் ஏற்கெனவே இங்கதான்டா நிக்கிறாங்க!" என்று அங்கிருந்து பதில் வந்தது.

போனான். மூன்று துண்டு தின்றான். திரும்பி வந்துவிட்டான். என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்:

"போயேன்பா. அந்த மூலையை இப்படி முழுங்கற மாதிரி பாத்துட்டு நிக்கறதுக்கு."

"நான் தலைவர். நடுவுல நிக்கணும்."

"அப்படின்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

எந்தச் சட்டத்திலும் இல்லை.

இருபத்து நாலாவது நிமிஷம் ஆர்டிஸ் தன் மூலையை விட்டு நடக்க ஆரம்பித்தாள். கூடைப்பந்து ஆடுகளத்தின் நடுவில் வட்டம் இருக்கிறதே, அதுவரை வந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக என்னோடு பேசினாள்.

"தலைவரே, ஒரு சந்தேகம்."

"சொல்லு ஆர்டிஸ்."

"கூட்டத் தலைவர் மூலை மாறலாமா?"

"விதிப்படி... மாறலாம்."

"விதி கேக்கல. விதி எனக்கும் தெரியும்."

அவள் நின்றாள். நான் நின்றேன். என் வாய்க்குள் நூறு வாக்கியங்கள் இருந்தன (நாலு). எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒலிபெருக்கியை உயர்த்தி ஊருக்கெல்லாம் சொன்னேன்:

"இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு!"

அவள் திரும்பி நடந்தாள்.

6.

இதற்குமேல் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லமாட்டேன்.

நேரம் முடிந்தது. எண்ண வேண்டியது நான். டிரிஸ்கல் மூலைக்குப் போய் விரலை நீட்டி எண்ணினேன். பதினான்காவது ஆள் ஆர்டிஸ். அவள் தலைக்கு நேரே விரல் நின்றது. நின்ற விரல் அவளைத் தாண்டி, சுவரில் தொங்கிய தீயணைப்புக் கருவியைக் காட்டியது.

"பதினஞ்சு," என்றேன்.

மாட்டு ஏலத்தில் இது பழைய வித்தை. கேட்க ஆளில்லாதபோது தூணைப் பார்த்துத் தலையாட்டி, தூண் விலை கேட்டதாக ஏற்றிவிடுவது. நாற்பத்தோரு வருஷத்தில் எத்தனையோ தூண்கள் என்னிடம் மாடு கேட்டிருக்கின்றன.

அவள் மூலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று, ஒரு மூச்சு விடும் நேரம், எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா.

"யாரு அந்தப் பதினஞ்சு?" என்றாள் ஆர்டிஸ்.

எல்லாரும் தீயணைப்புக் கருவியைப் பார்த்தார்கள்.

"பதினாலுதான் தலைவரே. திரும்ப எண்ணுங்க."

திரும்ப எண்ணினேன். சத்தமாக. பதினான்கு. மூலை கலைந்தது. பதின்மூன்று பேர் மற்ற மூலைகளுக்குப் பிரிந்து போனார்கள், தட்டில் மிஞ்சிய இனிப்போடு. ஆர்டிஸ் எங்கும் போகவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

கதவருகே என்னிடம் ஒன்று சொன்னாள்: "ஒரு ஆளைக் கேட்டேன். நீங்க ஒரு எண்ணைக் குடுத்தீங்க."

சொன்னாளா? எட்டு வருஷமாக அந்த வாக்கியத்தை இத்தனை தடவை கேட்டுவிட்டேன், அவள் சொன்னதா நான் அவளுக்காகச் சொல்லிக்கொண்டதா என்று இப்போது தெரியவில்லை. கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். அது நிச்சயம்.

7.

இப்போது அடுத்த பந்தயம் தொடங்கிவிட்டது. தொலைக்காட்சியை அணைப்பதே இல்லை. யாருக்கு வயதாகிவிட்டது, யார் யாரை நாடு கடத்தவேண்டும், எந்தப் புத்தகம், எந்தச் சுவர். போன தடவை ஓட்டு எண்ணியதில் பொய் என்று ஒரு கூட்டம் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறது. எங்கே, யார் என்று கேட்டால் ஒருவரையும் காட்டமாட்டேன் என்கிறார்கள். எனக்குத் தெரிந்து இந்தத் தேசத்தில் கள்ளக் கணக்குப் போட்ட ஆள் ஒருவன்தான் உண்டு. அவனையும் ஒரு நூலகர் அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டாள்.

நடக்க அரங்கு இல்லை என்கிற ஏக்கம் அட்டை வந்த பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு நாலு வருஷமும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்: அடுத்த காக்கஸில் அவள் எந்த மூலையில் நின்றாலும், செத்துப்போன வேட்பாளரின் மூலையாகவே இருந்தாலும், நடந்துபோய் நின்றுவிடுவேன் என்று. ஒரு தடவை ஃப்ளூ ஜுரம். அடுத்த தடவை அரங்கையே தபால்பெட்டிக்குள் மடித்துவிட்டார்கள்.

(*ஃப்ளூ ஜுரம் வரவில்லை. பயம்.)

8.

முடிவுகளை மூலைக்கு ஒன்றாக நிறுத்துகிறேன்.

முதல் மூலை: அன்று நான் ஒலிபெருக்கியைத் தரையில் வைத்துவிட்டு நடக்கிறேன். பதினைந்து. 'குளிருது இல்ல?' என்கிறாள். காதுக்கு இனிக்கிறது. ஆனால் ஆர்டிஸ் படித்தால் பென்சிலால் ஓரத்தில் எழுதுவாள்: பதினாலுதான்.

இரண்டாம் மூலை: அவள் என்னைத் தேடி வருகிறாள். எட்டு வருஷமாக இந்த மூலையில் நான் ஒருவன்தான் நிற்கிறேன். அவள் ஏற்கெனவே நடு வட்டம்வரை வந்தாயிற்று. மிச்சத்தையும் அவளையே நடக்கச் சொல்வது அநியாயம். கலைக்கிறேன்.

மூன்றாம் மூலை: அவள் வீட்டில் அவள் உறையை நக்குகிறாள், என் வீட்டில் நான். அவ்வளவுதான். வெற்றிபெறும் நிலையில் இருப்பது இதுதான். எந்தச் செய்தியாளரைக் கேட்டாலும் சொல்வார்.

நாலாவது மூலை காலியாக இருக்கிறது.

ஓர் உண்மையை மறைத்துவிட்டேன். இதை நான் அடுப்படியில் எழுதவில்லை. இன்று வெள்ளிக்கிழமை. படைவீரர் மன்றத்தில், சமையற்கட்டுக் கதவோரம், என் மேசையில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் போடும் காகித விரிப்புகளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பதினோரு விரிப்பு ஆயிற்று. பரிமாறும் பெண் முறைக்கிறாள். மீன் ஆறிவிட்டது. ஜன்னலோர மேசையில் ஆர்டிஸ் உட்கார்ந்திருக்கிறாள். எதிர் நாற்காலி காலி. அவள் மேசையில் உப்புக் குப்பி இல்லை. என் மேசையில் இரண்டு இருக்கின்றன.

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். இவன் என்ன அப்படி எழுதித் தள்ளுகிறான் என்று.

வாசகரே, மூலைகள் திறந்திருக்கின்றன. உங்களுக்குப் பிடித்ததில் போய் நில்லுங்கள். எண்ணுவதற்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். எனக்கு வேறு ஒன்றை எண்ணவேண்டியிருக்கிறது. முதலில் நாற்பது காலடி என்று எழுதி அடித்துவிட்டேன். கண்ணாலேயே மூன்று தடவை அளந்தாயிற்று.

என் மேசையிலிருந்து அவள் மேசைக்குப் பதினெட்டுக் காலடி. ஒன்றுகூடக் கூட்டவில்லை.