எண்ணூறு மீட்டர் கட்டம்

எங்களைப் பற்றி எழுதும் பத்திரிகைக்காரர்கள் 'கடல் பாதுகாப்பு இயக்கம்' என்று எழுதுவார்கள். இயக்கமாவது மண்ணாங்கட்டியாவது. பிரிட்ஜ் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை, மூன்று ஆட்கள். குழந்தை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டரம்மா தலைவர். வக்கீல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் மனு தட்டச்சு செய்த நான் செயலாளர். மூன்றாவது ஆள் என் தம்பி. கப்பலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் சிப்பிகளை மூழ்கிச் சுரண்டுவது அவன் தொழில். டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குப் படகில் கால் வைத்தாலே குமட்டும். ஆக, கடலுக்குள் என்ன இருக்கிறது என்று எங்கள் மூவரில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கடலைக் காப்பாற்றக் கிளம்பிய லட்சணம் இது.

அறைகள் முன்பு டாக்டரம்மாவின் கிளினிக்காக இருந்தவை. குழந்தைகளை எடை போட்ட தராசில் நாங்கள் தபால் உறைகளை எடை போட்டோம். மீன்வளத் துறைக்கு, அமைச்சருக்கு, மறுபடியும் துறைக்கு என்று வாரம் நான்கு மனுவாவது போகும். என் மனுவில் ஒரு கமா கூட வீணாக இருக்காது. அந்தத் திமிர் எனக்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் வந்து முடிந்தது.

தம்பி அந்த இடத்தைக் கண்டுபிடித்து ஒன்பது வருடமாகிவிட்டது. கரையிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். கடலடியில் ஒரு பாறைத் திட்டு. வருடத்தில் ஒரே ஒரு பௌர்ணமியை ஒட்டி, ஐந்தாறு நாட்கள், எங்கெங்கோ தனித்தனியாகத் திரியும் களவா மீன்கள் அங்கே வந்து கூடும், முட்டையிட. முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். தலைகூடத் துவட்டவில்லை.

"அக்கா, ஆயிரத்துக்கு மேல இருக்கும். தோளோட தோள் உரசிக்கிட்டு நிக்குதுங்க. என்னைப் பார்த்துப் பயப்படக்கூட இல்லை. கல்யாண வீட்டுல தெரியாதவன் நுழைஞ்சா 'யார் வீட்டு ஆளோ'ன்னு விட்டுடுவாங்கல்ல, அந்த மாதிரி விட்டுடுச்சுங்க."

அதை அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடம்தான் சொன்னான். வருடாவருடம் போய் எண்ணி வருவான். எண்ணிக்கையை நான் நோட்டில் எழுதுவேன், தேதி மட்டும் போட்டு, இடம் போடாமல்.

பெரிய படகுகள் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் நெருங்கி வந்தன. என்றைக்காவது ஒருவன் கண்ணில் பட்டுவிடும் என்று தம்பிக்குத் தூக்கம் போனது. அவன் சம்மதத்தோடு டாக்டரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்போதுதான் அவர் சொன்னார், அந்தப் பகுதியில் மீன்பிடிக்கத் தடை கேட்போம் என்று. தம்பி வெகுநாள் யோசித்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தான்.

"இடம் வெளியில வரக்கூடாது அக்கா. நீ பொறுப்பு."

"முத்திரை வச்ச உறையில கொடுக்கிறேன்டா. என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். இருந்தது. அதனால்தான் கொடுத்தான்.

டாக்டரம்மா இருபது கிலோமீட்டருக்கு இருபது கிலோமீட்டர் கேட்கலாம் என்றார். நான்தான் குறுக்கே விழுந்தேன். "அவ்வளவு பெரிசாக் கேட்டா படகுச் சங்கமே எதிர்த்து நிக்கும். பத்து வருஷம் இழுத்தடிப்பாங்க. திட்டைச் சுத்தி எண்ணூறு மீட்டர் கட்டம் கேட்போம். யார் தலையும் உருளாது, யாரும் கண்டுக்க மாட்டாங்க."

"சின்னதா இருக்கேம்மா" என்றார் டாக்டரம்மா.

"கிடைக்கிறதைக் கேட்கணும் டாக்டரம்மா. மனு எழுதுறது என் தொழில்."

அவர் கையெழுத்துப் போட்டார். ஏழே மாதத்தில் துறை ஏற்றுக்கொண்டது. வரைவு அறிவிப்பு வந்த அன்று டாக்டரம்மா கேக் வாங்கி வந்தார், கீழே பிரிட்ஜ் கடைக்காரருக்கும் ஒரு துண்டு போனது. நான் அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு தம்பியின் பட்டறைக்கு ஓடினேன். ரப்பர் உடுப்பில் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தான். கட்டத்தின் நாலு மூலைக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை போட்டிருந்தது. களவா மீன்கள் எந்த மாதப் பௌர்ணமியில் கூடுகின்றன என்பதும் காரணம் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. என் வாசகம்தான், அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள்.

"இதை எங்க போட்டிருக்காங்க?"

"இணையத்துல. செய்தித்தாள்லயும் வரும். பொதுமக்கள் ஆட்சேபணை சொல்ல அறுபது நாள் கொடுக்கணும்ல, அதுதானே முறை?"

"அறுபது நாளும் தடை இருக்கா?"

"இது வரைவுதான்டா. அறுபது நாள் முடிஞ்சு கையெழுத்தானதும்தான்..."

பௌர்ணமிக்கு நாற்பத்தொரு நாள்தான் இருந்தது.

இருபத்திரண்டு வருடம் மனு எழுதியவளுக்கு வரைவை வெளியிடுவார்கள் என்று தெரியாதா? தெரியும். அது எனக்கு ஒரு சடங்கு. கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகும் சடங்கு. இருபது கிலோமீட்டர் கட்டம் கேட்டிருந்தால் அதற்குள் திட்டு எங்கே என்று தேடியே சலித்துப் போயிருப்பார்கள். எண்ணூறு மீட்டரில் தேட என்ன இருக்கிறது? மூலைக்கு மூலை கோடு போட்டால் நடுவில் இருப்பது அதுதான். படகுக்குப் படகு ஜிபிஎஸ் இருக்கிறது.

மறுநாளே துறை அலுவலகத்துக்குப் போய் அறிவிப்பைத் திரும்பப் பெறச் சொன்னேன். அதிகாரி தன்மையான மனிதர்.

"திரும்பப் பெறணும்னா அதுக்கும் ஒரு அறிவிப்பு போடணும்மா. அதுலயும் அந்த நாலு மூலையும் வரும்."

இடைக்காலத் தடை கேட்டு ஆறு மனு எழுதினேன். நான் எழுதியதிலேயே சிறந்தவை அவை. ஒன்றுக்கும் பதில் இல்லை.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் மதியமே பத்தொன்பது படகுகள் வந்துவிட்டன. தம்பி தன் சின்னப் படகைத் திட்டுக்கு மேல் நிறுத்திக்கொண்டு கையை ஆட்டிக் கத்தியிருக்கிறான். அவனைச் சுற்றி வலை போட்டு இழுத்தார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ஒரு படகிலிருந்து தண்ணீர் பாட்டில் கூட நீட்டினார்களாம், வெயிலில் நிற்கிறானே என்று. மூன்று நாள். மீன் சந்தையில் களவா குவிந்துகிடந்தது. நான் போய்ப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் வயிறு முட்ட முட்டை. யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. படகுக்காரர்கள் சட்டத்தை மீறவில்லை, அதிகாரி முறையை மீறவில்லை. மிச்சம் நான்தான்.

அறுபதாவது நாள் அறிவிப்பு உறுதியானது. ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை என்று துறை பாராட்டி எழுதியிருந்தது. ஏன் வரப்போகிறது? டாக்டரம்மா அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார். என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

தம்பி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். அவன் பெண்டாட்டிதான் போனில் பேசுவாள். "சாப்பிடுறாரு, வேலைக்குப் போறாரு அக்கா. உங்க பேச்சை எடுத்தா எழுந்து வெளியில போயிடுறாரு" என்பாள். அம்மா இறந்தபோது என் தோளில் படுத்து அழுதவன். ஒரு வருடம் எனக்குத் தம்பி இல்லாமல் போனான்.

அடுத்த வருடம் மீன் கூடும் மாதம் துறையிலிருந்து ஒரு படிவம் வந்தது. தடைப்பகுதியில் எத்தனை மீன்கள் கூடின என்று ஐந்து நாள் எண்ணி அனுப்ப வேண்டும், எண்ணுபவரோடு படகில் சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். எண்ணத் தெரிந்தவன் தம்பி ஒருவன்தான். சாட்சியாக என்னைப் போகச் சொன்னார் டாக்டரம்மா.

"எனக்குக் குமட்டும்."

"குமட்டட்டும்மா" என்றார்.

படகுத்துறையில் தம்பி என்னைப் பார்த்தான். படகில் இடம் காட்டினான், அவ்வளவுதான். இரண்டு மணி நேரமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஒன்பது வருடம் அவன் தனியாக வந்த தூரம் இது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. திட்டுக்கு மேலே ஒன்றுமே தெரியவில்லை. வெறும் நீலத் தண்ணீர். சாயங்காலம் அவன் மூழ்கி, முக்கால் மணி கழித்து வந்து, நீருக்கடியில் எழுதும் பலகையை என் பக்கம் நீட்டினான். அதில் '1' என்று இருந்தது. நான் படிவத்தில் எழுதினேன். இரண்டாம் நாளும் ஒன்று. மூன்றாம் நாளும், நான்காம் நாளும் ஒன்றுதான்.

ஐந்தாம் நாள் அவன் மேலே வந்து, முகமூடியைக் கழற்றாமலே படகின் ஓரத்தில் உட்கார்ந்தான். பிறகு, ஒரு வருடத்துக்குப் பின், என்னிடம் பேசினான்.

"ஒரே மீன்தான்க்கா. வால்ல வெட்டு இருக்கு. அஞ்சு நாளும் அதேதான்."

"என்னடா பண்ணுது?"

"நடுவுல நிக்குது. உடம்பெல்லாம் நிறம் மாறியிருக்கு, முட்டையிடத் தயாரா. அப்பப்போ திட்டோட விளிம்பு வரைக்கும் போய்ப் பார்க்குது. திரும்பி வந்து நிக்குது. இன்னும் யாரோ வருவாங்கன்னு."

எனக்கு அழுகை பீறிட்டது. படிவம் நனையாமல் பிடித்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"என்னை மன்னிச்சிடுடா."

அவன் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. உண்மையிலேயே புரியாதவன் போலப் பார்த்தான்.

"எங்கிட்ட எதுக்குக்கா கேக்குற?" என்றான்.