மூன்று டிஸ்கும் மகிழினியின் முதல் வயதும்

தண்டையார்பேட்டையில் அன்பரசனிடம் கல்யாண ஆல்பம் வாங்கிய யாரும் அவனுடைய பிரசங்கத்திலிருந்து தப்பியதில்லை. பிலிம் ரோல் காலம் மலையேறிவிட்டது, இது இரண்டாயிரத்து ஏழு என்று தொடங்கி, மேசை மேல் இருக்கும் இரண்டு ஹார்டு டிஸ்குகளைக் காட்டுவான். எடுத்த படமெல்லாம் நேராக முதல் டிஸ்கில் ஏறும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் தானாகவே முதல் டிஸ்கைப் பார்த்து, மற்றதையும் அச்சு அசலாக அப்படியே ஆக்கிவிடும். முதலாவதில் இருப்பது மற்றதிலும் இருக்கும். முதலாவதில் இல்லாதது மற்றதிலும் இருக்காது. குப்பை சேராமலிருக்க இந்தப் பின்பாதி நல்ல ஏற்பாடு என்று அவனே தன்னை மெச்சிக்கொண்டிருந்தான்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். போட்டோக்காரன் பிள்ளைக்குக் காகிதத்தில் ஒரு படம்கூடக் கிடையாது. மகள் மகிழினி பிறந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து முதல் பிறந்தநாள் கேக் வரைக்கும் நூற்றுக்கணக்கில் எடுத்து வைத்திருந்தான்.

"ஒண்ணாவது பிரிண்ட் போட்டுக் குடுய்யா," என்பாள் மனைவி மதி.

"இன்னாத்துக்கு? அதான் ரெண்டு எடத்துல கீதே."

அவனிடம் பிரிண்ட் கேட்டு அலுத்த இன்னொருத்தி நெட்டுக்குப்பம் கெங்கம்மா. அவள் மகன் எழிலன் கல்யாணத்தைப் படமெடுக்கப் போனவனோடு மதியும் குழந்தையும் கூடப் போயிருந்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் மகிழினி மணவறைக்குள் தவழ்ந்து போய், மாப்பிள்ளை முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் அவளும் இருந்தாள். "எங்க வூட்டு கல்யாணத்துல ஒன் பாப்பா இன்னாத்துக்கு நைனா? அத்த அழிச்சிட்டு வேற போட்டுக் குடு," என்றாள் கெங்கம்மா. ஒரு நிமிஷ வேலை என்று சொன்னவன், மாதக்கணக்கில் அதைச் செய்யவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மூன்றாவதாக ஒரு டிஸ்க் வாங்கினான். பூஜையன்று கேமரா, பிளாஷ், ஸ்டாண்டு எல்லாவற்றோடும் டிஸ்குகளையும் பிடுங்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து சரஸ்வதி படத்தின் முன்னால் அடுக்கினான். மறுநாள் விஜயதசமி. நல்ல நாளில் புதுசைத்தான் முதலில் தொடங்க வேண்டும் என்று புது டிஸ்கை முதலில் செருகினான். முதலில் செருகுவதுதான் கம்ப்யூட்டருக்கு முதல் டிஸ்க் என்பது அவன் புத்தியில் உறைக்கவில்லை. திறந்து பார்த்தான், காலியாக இருந்தது. புதுசு காலியாகத்தானே இருக்கும் என்று மீதிப் பொரியைத் தின்றான்.

ஏழு மணிக்குக் கம்ப்யூட்டர் முதல் டிஸ்கைப் பார்த்தது. அதில் ஒன்றுமில்லை. மற்ற இரண்டையும் அச்சு அசலாக அப்படியே ஆக்கியது. அன்பரசன் சொன்ன சொல்லைத் தட்டாமல் கேட்ட ஜீவன் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

பிறகு ஐப்பசி முகூர்த்தங்கள் வந்தன. பழைய ஆல்பங்களையெல்லாம் கொடுத்து முடித்திருந்ததால் பழையதைத் தேட வேலையில்லை. புதுக் கல்யாணங்களாக ஏற்றித் தள்ளினான். கார்த்திகையில் மகிழினிக்கு இரண்டாவது பிறந்தநாள் வந்தது. முதல் பிறந்தநாள் படம் ஒன்றைச் சுவரில் மாட்டியே ஆக வேண்டும் என்று மதி ஒற்றைக்காலில் நின்ற பிறகுதான் மகளின் போல்டரைத் தேடினான். முதல் டிஸ்கில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை.

ரிச்சி தெருவில் டிஸ்க் பழுது பார்க்கும் ஜாபர் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "அழிஞ்சதோட வுட்டிருந்தா எடுத்துருக்கலாம் தலைவா. அதுமேலயே கல்யாணமா ஏத்திக்கினு இருந்துக்கீறியே."

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதை ஆட்டோமேட்டிக்காகச் செய்யக் கற்றவன் இந்த வட்டாரத்திலேயே தான் ஒருவன்தான் என்று நினைத்தபடி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். மதி கத்தவில்லை. "நீ போட்டோ புட்ச்ச எல்லார் வூட்லயும் போட்டோ கீது," என்றாள். "நம்ம வூட்லதான் இல்ல." அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதுதான் கெங்கம்மா ஞாபகம் வந்தாள்.

மறுநாள் காலை கேமராவோடு நெட்டுக்குப்பத்தில் நின்றான்.

"அழிச்சி எடுத்தாந்துட்டியா நைனா?"

"இல்லக்கா. அந்த ஆல்பத்த கொஞ்சம் குடேன்."

எல்லாவற்றையும் சொன்னான். கெங்கம்மா ஆல்பத்தை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திருப்பினாள். இரண்டே பல்லோடு, திருடிய வடையை வாயில் திணித்தபடி மகிழினி நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை எடுத்த நிமிஷம் அன்பரசன் மதியைப் பார்த்து "புள்ளய புடி" என்று கத்திக்கொண்டிருந்தான்.

"அப்போ ஒங்கிட்ட எங்க போட்டோவும் இல்ல. ஒலகத்துலயே இது ஒண்ணுதான் கீது," என்று கெங்கம்மா ஆல்பத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள். "வெளிய குடுக்க மாட்டேன். இங்கயே வெச்சி எட்துக்க."

வெளிச்சத்தில் அவளே பிடித்துக்கொண்டிருக்க, படத்தைப் படமெடுத்தான். கிளம்பும்போது கூப்பிட்டாள். "பாப்பாவ அழிக்க வாணாம் நைனா. இருந்துட்டுப் போவட்டும்."

மகளை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப்போனது. ஆகவே முழுப் படத்தையே பிரிண்ட் போட்டு மாட்டினான். இப்போது அன்பரசன் வீட்டுக் கூடத்தில் எழிலன் தன் மனைவிக்குத் தாலி கட்டிக்கொண்டிருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை யார், சொந்தமா என்று கேட்கிறார்கள். மதியோ புருஷனே சொல்லட்டும் என்று காபி போடப் போய்விடுகிறாள்.