சித்தியின் ஓடை

ஜெயசுதா சட்டக் கல்லூரிப் பேராசிரியை. சுரங்கம், நிலக்கரி, தண்ணீர் பற்றிய சட்டங்கள் அவள் பாடம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எப்படி நடக்க வேண்டும் என்று பதினெட்டு ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறாள். ஒரு கூட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை.

ரெட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம் புதிய சுண்ணாம்புக்கல் சுரங்கம் வரப்போவதாகச் சித்தி கலியம்மாள் போன் செய்தாள்.

"ஏரிக்கு வர்ற ஓடை அந்த எடத்துலதான்டி போவுது. அது போச்சுன்னா என் ரெண்டு ஏக்கரும் தரிசுதான். நீ வந்து பேசு."

"நீயே பேசு சித்தி. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"இதுக்கா இத்தன படிப்பு?"

ஜெயசுதாவின் குரல் அப்படி. வகுப்பில் மைக் வைத்தாலும் மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

கருத்துக் கேட்புக் கூட்டப் பந்தலில் சித்தி பத்து நிமிடம் பேசினாள். ஓடையின் ஆழம், அது வரும் வழி, வெள்ளத்தில் எருமை சிக்கிக்கொண்ட கதை. கை தட்டினார்கள். பிரியாணி வாசனை வந்தது.

"கூட்டம் முடிஞ்சுதுங்க. எல்லாரும் சாப்பிட்டுப் போங்க" என்றார் அதிகாரி.

நாற்காலிகள் நகர்ந்தன. ஜெயசுதா எழுந்தாள்.

"சார், பேசினத எழுதியிருப்பீங்களே, அத வாசிக்கலீங்களே."

யாருக்கும் கேட்கவில்லை.

"என்னடி முணுமுணுக்குற?"

"எல்லாத்தயும் எழுதி, கடைசில தமிழ்ல வாசிச்சுக் காட்டணும் சித்தி. சட்டம்."

சித்தி திரும்பினாள். "சார்! எழுதினத வாசிங்க சார்! சட்டமாம்ல!"

பிரியாணிப் பக்கம் போனவர்கள் நின்றார்கள். மேடையிலிருந்த கம்பெனி வக்கீல் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"மேடம், நீங்களா? நான் மணிவேல். உங்க ஸ்டூடன்ட். உங்க பேப்பர்லதான் ரெண்டு அரியர் வச்சேன்."

"அப்ப நல்லா ஞாபகம் இருக்குமே" என்றாள் ஜெயசுதா.

மணிவேல் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். அதிகாரி தாளை எடுத்தார்.

"பதினோரு பேர் பேசினர். அனைவரும் திட்டத்தை வரவேற்றனர்."

"நான் எங்க வரவேத்தேன்? எரும சிக்கினதயில்ல சொன்னேன்!"

பந்தலே சிரித்தது. அதிகாரி பேனாவைத் திறந்தார். சித்தி மேடையருகே போய் நின்று சொல்லச் சொல்ல ஓடை முழுவதும் தாளில் ஏறியது. எருமையும் ஏறியது. மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் சித்தி மேடையை விட்டு நகர்ந்தாள்.

"அப்ப தோண்ட மாட்டாங்களா?"

"அது இனிமேதான் தெரியும் சித்தி. ஆனா ஓடைக்குப் பதில் சொல்லாம தாண்ட முடியாது."

சாப்பாட்டுப் பக்கம் போனார்கள். அண்டா காலி.

"இதயும் எழுதச் சொல்லுடி" என்றாள் சித்தி. "கொஞ்சம் சத்தமா."