நத்தாருக்கு முந்திய கிரகணம்

“மிஸ், உங்கடை கோழிக்குஞ்சுக்கு உதடே இல்லை. அதை வைச்சு என்ரை பிள்ளையளின்ரை உதட்டைப் பற்றி என்ன சொல்லப்போறியள்?”

“உதடு இல்லாட்டியும் முகம் பொருந்துற விதம் ஒண்டுதான், டொக்டர். பிறந்த பிறகு நீங்கள் தைக்கிறியள். பிறக்க முந்தி நான் பாக்கிறன்.”

“அப்ப நீங்களே முந்தித் தைச்சு விடுங்கோவன்!”

இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தப் பேச்சை மீனாம்பிகை மறக்கவில்லை. அவள் விலங்கியல் விரிவுரையாளர். முட்டைக்குள் குஞ்சின் முகம் உருவாவதை ஆராய்பவள். டொக்டர் லியோன், பிளந்த உதட்டோடு பிறக்கும் குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்பவர். அன்று அவரிடம் அவள் கேட்கப் போனது வேறு. அது கேட்கப்படாமலே நாக்கில் தங்கிவிட்டது.

அவளுடைய மேலுதட்டிலும் மெல்லிய தையல் தழும்பு ஒன்று உண்டு. பிள்ளை வயிற்றில் இருக்கையில் கிரகணத்தன்று தான் வாழைப்பொத்தி வெட்டியதால் வந்த வினை என்று அம்மா முப்பது வருடமாக உருகிக்கொண்டிருந்தாள். மகள் எத்தனை முறை விளக்கினாலும், “என்னைத் தேத்துறதுக்காகச் சொல்லுறாய்” என்பாள். டொக்டர் ஒருவர் சொன்னால்தான் அவள் காதில் ஏறும்.

இன்று, பிளந்த உதட்டைப் பற்றிச் சேர்ந்து ஆராய, நடையாய் நடந்து, நாலு விரிவுரையாளர்களையும் ஐந்து டொக்டர்மாரையும் ஒரே அறையில் கூட்டியிருந்தாள். வந்தவர்கள் மேசையின் இரண்டு பக்கமும் சம்பந்தம் பேச வந்த இரு வீட்டார் போலப் பிரிந்து உட்கார்ந்தார்கள். மீனாம்பிகைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த அறையில் முட்டைகளுக்குச் சூடு கொடுக்கும் மண்ணெண்ணெய் விளக்கு அணைந்திருக்குமோ? குண்டு போட பொம்மர் விமானம் வந்தால் எல்லாரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்துவிடுவார்களோ?

லியோன் நோயாளர் அட்டைகளைப் பரப்பினார். தாய் சொன்ன காரணம் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே சொல்: கிரகணம்.

“பிள்ளை எத்தினையாம் மாசத்திலை இருக்கேக்கை கிரகணம்?” என்றாள் மீனாம்பிகை.

“மூடநம்பிக்கைக்கு மாசக் கணக்கு எதுக்கு, மிஸ்?”

“கிரகணத்தை எழுதினனீங்கள், மாசத்தையும் எழுதியிருக்கலாம்தானே?”

யாரோ சிரித்தார்கள். லியோன் எழுந்துபோய், வெளியே குழந்தையோடு காத்திருந்த குருநகர்க் கத்தரீனாவைக் கூட்டிவந்தார்.

“யேசு பாலன் பிறந்த நத்தாருக்கு ரண்டு கிழமை இருக்கேக்கை, கிரகணத்தண்டு விடியப்புறம் மீன் வெட்டினனான் ஐயா. பிள்ளையின்ரை வாயையும் சேத்து வெட்டினனி எண்டு மாமி ஒவ்வொரு நாளும் குத்திக்காட்டுறா.”

“பிள்ளை எப்ப தங்கினது?” என்றாள் மீனாம்பிகை.

“யாகப்பர் திருநாளோடை.”

மீனாம்பிகை விழித்தாள். சைவ வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்தத் திருநாள் எப்போதென்று தெரியாது.

“ஜூலை இருபத்தஞ்சு,” என்றார் லியோன். பிறகு அவளைப் பார்த்தார். “உதடு எப்ப பொருந்தி முடியும்?”

“ஏழு கிழமைக்குள்ளை.”

அட்டையின் பின்பக்கத்தில் எண்ணிக்கொண்டு போன அவருடைய பென்சில் செப்டம்பர் நடுவில் நின்றது. கத்தரீனாவின் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, நீ மீன் வெட்ட கிட்டத்தட்ட மூண்டு மாசத்துக்கு முந்தியே உது நடந்து முடிஞ்சுது. உன்னிலை ஒரு பிழையுமில்லை.”

“அப்ப என்னத்தாலை ஐயா?”

“தெரியாது. அதைத்தான் இனி மிஸ்ஸும் நானும் சேந்து தேடப்போறம்.”

“டொக்டர் சொன்னவர் எண்டு மாமியிட்டைச் சொல்லட்டோ?”

“சொல்லு. நம்பாட்டி மீனோடை கூட்டிக்கொண்டு வா, இன்னும் வடிவாய்ச் சொல்லுறன்.”

கத்தரீனா சிரித்தபடியே அழுதாள். மேசையின் இரண்டு பக்கத்தவரும் அட்டைகளின்மேல் குனிந்து, மற்றத் தாய்மாரின் மாதங்களையும் கேட்டெழுத வேண்டுமென்று ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு பேசினார்கள். மீனாம்பிகைக்கு அது ஒன்றும் காதில் விழவில்லை.

கூட்டம் முடிந்து லியோன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசலைத் தாண்டியபோது அவள் பின்னால் ஓடினாள்.

“டொக்டர்!”

அவர் திரும்பினார்.

“எங்கடை வீட்டை ஒருக்கா வருவியளோ? உதை எங்கடை அம்மாவுக்கும் சொல்லோணும்.”