சட்டையைக் கழற்றிய பிறகு

கடைசிப் பொத்தானில் வெங்கடகிருஷ்ணனின் விரல் நின்றுவிட்டது. கோயில் வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே மண்டபத்தில் பேத்தி ஜானவிக்கு முதல் சோறு ஊட்ட எல்லோரும் காத்திருந்தார்கள். தாத்தா மடியில் வைத்துத்தான் ஊட்ட வேண்டும். பசித்தால்தான் சோற்றை வாங்கிக்கொள்வாள் என்று மகள் சுப்ரியா காலையிலிருந்து பால் கொடுக்கவில்லை. குழந்தை அழுகிற சத்தம் வாசல்வரை கேட்டது.

இதே வாசல் வழியாக எத்தனையோ உற்சவங்களில் சுவாமி வாகனத்தைச் சுமந்து வந்தவர் அவர். அந்தத் தோளைப் பார்க்கவே வீதியில் ஆள் நின்ற காலம் உண்டு. இப்போது வாகனத்தண்டு அழுத்திய காய்ப்பு மட்டும் மிச்சம். வயசானால் தசை கரையும், அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காரும், எலும்பும் தேயும் என்று டாக்டர் மழை வரும் என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். அப்படியே ஆயிற்று. கை குச்சியாயிற்று, மார்பு தொங்கிப் போயிற்று. கூடவே வாகனம் சுமந்த ராமசேஷன் ஒருநாள் குளக்கரையில், "கிச்சா, ஒனக்கு இனி ரவிக்கை தைச்சாகணும், கேட்டியா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதன்பிறகு வாசலோடு கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வீட்டில் கேட்டால் கால்வலி என்பார்.

மனைவி நாகலக்ஷ்மி அவரைத் தேடி வெளியே வந்தாள்.

"சம்பந்தி மடியில வெச்சு ஊட்டட்டுமே, நாகம். என் கையில பலமில்லை. கீழ போட்டுடுவேன்."

"நான் அடியில கையை வெச்சுண்டு ஒக்காந்துக்கறேன். வாங்கோ."

சட்டையைப் பற்றி அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கடைசிப் பொத்தானை அவளே கழற்றினாள்.

துண்டை மார்பின் குறுக்கே இறுக்கிப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார். ஆனால் குழந்தையை வாங்க இரண்டு கையும் வேண்டுமே. துண்டு நழுவி விழுந்தது. வாயில் வைத்த பாயசச் சோற்றை ஜானவி துப்பினாள். திரும்பினாள். பசித்த குழந்தைக்கு யார் மார்பு என்று என்ன தெரியும்? தொங்கிய சதையில் முகத்தை அழுத்திப் பால் தேட ஆரம்பித்தாள்.

தூணோரம் ராமசேஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். சுப்ரியா முகம் சிவந்து கையை நீட்டினாள்.

"இங்க தாங்கோப்பா. அதுல ஒண்ணும் வராதுன்னு அவளுக்குத் தெரியலை."

"இருக்கட்டும். மெதுவாத் தெரிஞ்சுக்கட்டும்" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

கொஞ்ச நேரம் தேடிவிட்டு, அழுத களைப்பில் ஜானவி அங்கேயே கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினாள். அவர் மார்பில் வெல்லப் பிசுக்கோடு ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. குழந்தையின் கனத்தில் அவர் கை மெல்லத் தாழத் தொடங்கியது. குழந்தைக்கு அடியில், தொட்டும் தொடாமலும், நாகலக்ஷ்மியின் இரண்டு உள்ளங்கைகளும் விரிந்தபடி இருந்தன.